பழகுநரின் பேறுகால உரிமை: ஒரு சட்ட வரலாறு



1961ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் இந்திய நாட்டின் சட்ட ஏட்டில் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து இடம்பெற்றன. அவ்வாண்டின் 52ஆம் சட்டம் தொழில் பழகுநர் சட்டம். 53ஆம் சட்டம் மகப்பேற்று நலச் சட்டம். முன்னது, தொழில் கற்க வரும் இளைஞர்க்குப் பயிற்சியும் உதவித்தொகையும் கிடைக்க வழிசெய்தது. பின்னது, உழைக்கும் பெண் பிள்ளை பெறும் காலத்தில் அவளுக்கு ஓய்வும் ஊதியமும் கிடைக்க வழிசெய்தது. இரண்டும் நல்ல நோக்கத்தோடு எழுந்தவை. ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்றே இவற்றைச் சொல்லலாம்.

ஆயினும், இவ்விரண்டு சட்டங்களுக்கும் இடையில் ஒரு பெண் அகப்பட்டுக்கொண்டாள். தொழில் கற்க வந்தவள் அவள். அதே வேளையில் கருவுற்றிருப்பவளும் அவளே. பயிற்சிக் காலத்தில் அவளுக்குப் பேறுகால விடுப்பு உண்டா? விடுப்பு நாட்களில் கையில் பணம் வருமா? திரும்பி வரும்போது அவளுடைய இடம் அவளுக்காகக் காத்திருக்குமா? இக்கேள்விகளுக்கு இந்தியச் சட்டம் என்ன விடை கூறியது, எப்படி அவ்விடைக்கு வந்து சேர்ந்தது என்பதையே இன்றைய உரையில் காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். 'பயிற்சியாளர்' என்ற சொல் தமிழில் பயிற்சி கொடுப்பவரையும் குறிக்கும், பெறுபவரையும் குறிக்கும். ஆகவே, சட்டப்படி ஒப்பந்தம் எழுதித் தொழில் கற்பவரைப் 'பழகுநர்' என்றும், பொதுவாக வேலையிடத்தில் பயிற்சி என்ற பெயரில் அமர்த்தப்படுவோரைப் 'பயிற்சி பெறுவோர்' என்றும் இவ்வுரையில் வழங்குவோம். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். இதன்மேல்தான் ஒரு பெண்ணின் பல வார ஊதியம் நிற்கிறது.

பேறுகால உரிமை உலக அரங்கில் எழுந்தது முதல் உலகப் போர் முடிந்த கையோடு. 1919ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு தன் மூன்றாவது உடன்படிக்கையாகப் பேறுகாலப் பாதுகாப்பை ஏற்றது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு அமர்த்தலாகாது. பேற்றுக்கு முன்னும் ஆறு வாரம் அவள் விலகி இருக்கலாம். அக்காலத்தில் அவளும் குழந்தையும் உடல்நலத்தோடு வாழப் பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவில் அந்தக் குரலை எழுப்பியவர் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி. 1924இல் மத்தியச் சட்டமன்றத்தில் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஆனால், விதை மண்ணில் விழுந்துவிட்டது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இதே பொருள் விவாதத்திற்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அச்செலவில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு என ஒப்புக்கொண்டார். எனினும், பெண்களை வேலைக்கு வைப்பதால் பயன் காண்கிற முதலாளியும் அதில் ஒரு பங்கை ஏற்பதே நியாயம் என்று வாதாடினார். மறு ஆண்டு, 1929இல், பம்பாய் மகப்பேற்று நலச் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்துக்கு 1934ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. சுரங்கப் பெண்களுக்கு 1941இல் தனிச் சட்டம் வந்தது. மக்கள் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இலும், தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலும் வந்தன. இவை எல்லாம் ஆளுக்கொரு அளவு, ஊருக்கொரு கணக்கு என்று இருந்தமையால், பொதுவான ஒரு சட்டமாக 1961ஆம் ஆண்டுச் சட்டம் உருவாயிற்று. பன்னிரண்டு வார விடுப்பும், அக்காலத்துக்குச் சராசரி நாள் ஊதியமும் அது கொடுத்தது. விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவதைச் சட்டவிரோதம் ஆக்கியது.

இனிப் பழகுநரின் கதைக்கு வருவோம். அது இன்னும் பழையது. 1850ஆம் ஆண்டிலேயே ஆங்கில ஆட்சியார் பழகுநர் சட்டம் ஒன்றை இயற்றினர். அனாதைகளும் ஏழைக் குழந்தைகளும் ஒரு தொழில் கற்றுப் பிழைக்கட்டும் என்பது அதன் நோக்கம். 10 வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகப்பனோ காப்பாளரோ ஏழாண்டுக்கு மேற்படாமல் ஒரு தொழிலுக்கு ஒப்படைக்கலாம். ஆனால், பையனாக இருந்தால் 21 வயதுக்கு மேல் அந்தக் கட்டு நீளக்கூடாது. பெண்ணாக இருந்தால் அவளுடைய திருமணத்துக்கு மேல் நீளக்கூடாது.

நேயர்களே, இந்த ஒரு விதியைச் சற்று நின்று நோக்க வேண்டும். பெண்ணுக்குத் திருமணம் ஆயிற்றா, அன்றோடு பயிற்சி முடிந்தது. அவளைக் கணவன் வீட்டிலிருந்து பிரித்து வைக்கலாகாது என்ற கருணையால் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். எண்ணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. தொழில் பழகும் பெண் என்றால் மணமாகாதவள் என்று சட்டம் முடிவுகட்டி விட்டது. மணமாகாதவளுக்குப் பேறுகால விடுப்பு எதற்கு? கேள்வியே எழவில்லை. தாயாகப் போகும் பழகுநருக்குச் சட்டம் 'இல்லை' என்று சொல்லவில்லை. அப்படி ஒருத்தி இருப்பாள் என்றே அது நினைக்கவில்லை.

1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் வந்தது. திருமணக் கட்டு போயிற்று. ஆனால், வேறொரு சுவர் எழுந்தது. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒன்று, குறிப்பிட்ட தொழிலில் பயிற்சி பெறும் பழகுநர் ஒவ்வொருவரும் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர். மற்றொன்று, தொழிலாளர் தொடர்பான எந்தச் சட்டமும் அவருக்குப் பொருந்தாது. இயந்திரத்தில் கை அகப்பட்டால் இழப்பீடு உண்டு. அதற்கு அச்சட்டமே தனி வழி செய்திருந்தது. ஆலையின் சுகாதாரம், பாதுகாப்பு பற்றிய விதிகளும் அவருக்கு உண்டு. விடுப்புக்கும் விதி உண்டு. ஆனால், மகப்பேற்று நலச் சட்டம் தொழிலாளர் சட்டமாயிற்றே! அது பழகுநரின் வாசலில் நின்றுவிட்டது.

மகப்பேற்று நலச் சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு தடை தெரியும். அச்சட்டம் 'பெண்' என்ற சொல்லுக்கே பொருள் எழுதியது. நேரடியாகவோ இடையில் ஒருவர் மூலமாகவோ, ஊதியத்துக்காக வேலைக்கு அமர்த்தப்பட்டவளே அச்சட்டத்தின் கண்ணில் 'பெண்'. பழகுநர் வாங்குவது உதவித்தொகை, ஊதியம் அன்று. ஆக, இரு சட்டங்களும் இரு திசையிலிருந்து வந்து, ஒரே இடத்தில் கதவைச் சாத்தின.

நீதிமன்றங்கள் இதை எவ்வாறு நோக்கின? 1975இல் இந்திய உச்ச நீதிமன்றம் இ.எஸ்.ஐ. சட்டம் பற்றிய ஒரு வழக்கில், பழகுநர் அச்சட்டப்படி ஊழியர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. அவர் வந்திருப்பது கற்பதற்கு. வேலை செய்து கொடுப்பதற்கு அன்று என்பது அதன் கருத்து. இ.எஸ்.ஐ. திட்டத்தில்தான் பேறுகாலப் பணமும் அடங்கியிருந்தது. பின்னர் 1989இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, பழகுநருள் ஒரு பகுதியினரை உள்ளே சேர்த்தது. 2010இல் அந்த வாசல் மேலும் அகலமாயிற்று. எனினும், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அமர்த்தப்பட்ட பழகுநரை மட்டும் வெளியிலேயே நிறுத்தியது.

இதற்கிடையே மற்றொரு காற்றும் வீசத் தொடங்கியது. 1977இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்று, கோயமுத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கியது. தோட்டத்தில் உழைத்த ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்கு அது. பன்னிரண்டு வாரம் என்றால் எத்தனை நாள்? ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, ஆகவே வாரத்துக்கு ஆறு நாளே கணக்கு என்றது தோட்ட நிருவாகம். அப்படிப் பார்த்தால் 72 நாள். வாரம் என்றால் ஏழு நாள், ஆகவே 84 நாள் என்றாள் அந்தத் தொழிலாளி. தோட்டப்புற வாழ்வை அறிந்த நம் நேயர்களுக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றம் 84 நாள் என்றே தீர்த்தது. அதனினும் பெரிது, அது வகுத்த நெறி. பேறுகாலச் சட்டம் தாய் உயிரோடிருக்க மட்டும் இயற்றப்பட்டதன்று. அவள் இழந்த வலுவை மீண்டும் பெறவும், குழந்தையைப் பேணவும், முன்போல் உழைக்கவும் இயற்றப்பட்டது. ஆகவே, ஐயம் எழும் இடத்தில் அவளுக்கு நன்மை தரும் பொருளையே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்நெறியின் பலன் 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் தெரிந்தது. உலக மகளிர் நாளாகிய அன்று வந்த தீர்ப்பு, தில்லி மாநகராட்சியில் நாட்கூலிக்குப் பள்ளம் தோண்டியும் சாலை பழுதுபார்த்தும் வந்த பெண்களைப் பற்றியது. நிரந்தரப் பணியாளருக்கே பேறுகால விடுப்பு, பெயர்ப்பட்டியல் கூலிக்கு இல்லை என்றது மாநகராட்சி. நிரந்தரப் பெண்ணுக்கு மட்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லையே என்று கேட்டது உச்ச நீதிமன்றம். அப்பெண்களுக்கும் உரிமை உண்டு என்றாயிற்று.

அடுத்து, 'பயிற்சி பெறுவோர்' என்ற பெயரைப் பற்றியே ஒரு வழக்கு. 2003ஆம் ஆண்டு, நாசிக் நகரத்து ரப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் வழக்கில், அங்கு வேலை செய்தோர் யாவரும் பயிற்சி பெறுவோரே என்று நிருவாகம் கூறியது. அப்படியாயின் பொருளை உற்பத்தி செய்வது யார்? கற்றுக்கொடுக்கும் தேர்ந்த தொழிலாளி எங்கே? பயிற்சித் திட்டம் எங்கே? இவற்றுக்குத் தக்க விடை இல்லை. அவர்கள் பெயரளவில் பயிற்சி பெறுவோர், உண்மையில் தொழிலாளர் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இத்தீர்ப்பு பேறுகாலத்தைப் பற்றியதன்று. ஆனாலும், நம் பொருளுக்கு இது பெரிதும் வேண்டியது. ஒருத்தியின் நியமனக் கடிதத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பாராமல், அவள் நாள் முழுதும் என்ன செய்கிறாள் என்பதைப் பார்க்கும் வழியை இது திறந்து வைத்தது. தொழிலாளி என்று மெய்ப்பிக்கப்பட்டவள், பேறுகால உரிமையையும் கேட்க முடியும் அன்றோ?

ஆனால், எல்லாத் தீர்ப்பும் ஒரு பக்கமே சாய்ந்தன என்று எண்ணற்க. உண்மையாகவே பதிவு பெற்ற பழகுநரைத் தொழிலாளி ஆக்க நீதிமன்றங்கள் ஒப்பவில்லை. 2006இல் வருங்கால வைப்பு நிதி பற்றிய வழக்கில், நிறுவனத்தின் நிலையாணைப்படி அமர்த்தப்பட்ட பயிற்சி பெறுவோரும் பழகுநரே, ஊழியர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆகவே, பெயர் பொய்யாக இருந்தால் நீதிமன்றம் அதைக் கிழித்தெறியும். பெயர் மெய்யாக இருந்தால் சட்டத்தின் சுவர் அப்படியே நிற்கும். இதுவே இவ்வழக்குகளின் சாரம்.

தமிழ்நாட்டில் இக்கதைக்கு ஒரு துயரமான கிளையும் உண்டு. கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஏழைக் குடும்பத்து இளம்பெண்களைச் சேர்த்த வழக்கத்தைப் பலர் அறிவர். பழகுநர் என்று பெயர். பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தம். ஆலை விடுதியிலேயே வாசம். காலம் முடிந்தால், கல்யாணச் செலவுக்கு ஆகட்டும் என்று மொத்தமாக ஒரு தொகை. இத்திட்டம் வேண்டியது மணமாகாத பெண்களை. 1850ஆம் ஆண்டின் எண்ணம் ஒன்றரை நூற்றாண்டு கடந்து ஆலை வாசலில் மீண்டும் வந்து நின்றது என்று சொன்னால் மிகையாகாது. திருமணத்தோடு பெண்ணின் பயிற்சி முடியும் என்றது பழைய சட்டம். பயிற்சி முடிந்த பிறகே திருமணம் என்றது ஆலைத் திட்டம். இரண்டிலும் பழகும் பெண் தாயாக இருக்க இடமில்லை.

ஆனால், காலம் மாறிவிட்டது. இன்று பயிற்சி என்பது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனையில், பொறியியல் நிறுவனத்தில், வங்கியில், ஆய்வுக்கூடத்தில் இருபத்தைந்து வயதிலும் முப்பது வயதிலும் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். பிள்ளை பெறும் வயதும் அதுவே. இவர்களுள் ஒரு சாரார்க்கு வழி பிறந்தது. 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிகளில், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கும் பெண்களுக்குப் பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக, படிப்புக் காலம் முழுமைக்கும் ஒரு முறை, 240 நாள் வரை விடுப்பு என்று எழுதியது. 2017 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு என்றாயிற்று. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. ஒப்பந்தத்தில் பணியாற்றிய பெண் மருத்துவர் ஒருவரின் பேறுகால விடுப்பு தொடங்கிய பதினோராம் நாள் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பதினோரு நாளுக்கு மேல் எதுவும் இல்லை என்றனர் அதிகாரிகள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பயன் முழுமையாகச் சேர வேண்டும் என்றது நீதிமன்றம். குறித்த காலத்துக்கு மட்டும் வேலைக்கு வருகிற பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பதிவு பெற்ற பழகுநரின் நிலையோ பெரிதும் மாறவில்லை. பல தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் அதனுள் அடங்கிற்று. அதில் 'ஊழியர்' யார் என்று கூறும் இடத்தில், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அமர்த்தப்பட்ட பழகுநர் நீங்கலாக என்று அடைப்புக்குள் ஒரு வரி உள்ளது. அந்த அடைப்புக்குறிக்குள்தான் நம் பழகுநப் பெண் இன்னும் இருக்கிறாள். அவளுக்கு விடுப்பு என்று ஒன்று கிடைத்தால், அது பயிற்சி விதிகளாலும் நிறுவனத்தின் நல்லெண்ணத்தாலும் வருவது; 26 வார ஊதியம் என்ற சட்ட உரிமையால் வருவதன்று.

நம் பக்கத்து நாடுகளின் சட்டத்தை ஒப்புநோக்கினால் இவ்வொரு வரியின் கனம் புலப்படும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும், சிங்கப்பூரின் 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும், பணி ஒப்பந்தம் என்பதற்குப் பொருள் கூறும்போதே பழகுநர் ஒப்பந்தத்தையும் அதில் சேர்த்துக்கொண்டன. மூன்று நாடும் ஆங்கிலச் சட்ட மரபில் வளர்ந்தவையே. ஓரிடத்தில் 'உட்பட' என்ற சொல். மற்றோரிடத்தில் 'நீங்கலாக' என்ற சொல்.

இந்தியாவில் பயிற்சிக்குச் சேரும் பெண் எவளும் அறிந்திருக்க வேண்டியவை சில உள. கையொப்பமிடும் முன், தன் ஒப்பந்தம் பழகுநர் சட்டப்படி பதிவாகிறதா, அல்லது வெறுமனே 'பயிற்சி' என்று எழுதிய நியமனமா என்று கேட்டறிய வேண்டும். சோதனைக் காலத்தில் இருப்பவள் பழகுநர் அல்லள், அவள் ஊழியரே. பேற்றுக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் ஊழியருக்குப் பேறுகால உரிமை பிறந்துவிடும். தொடக்கத்தில் 160 நாளாக இருந்த இவ்வரம்பு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாதியாயிற்று. வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, தனக்குக் கொடுத்த வேலைக்கான ஆணை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது நன்று. பெயருக்கும் உண்மைக்கும் வழக்கு வரும் நாளில் இத்தாள்களே சாட்சி.

நேயர்களே, பயிற்சி பெறுபவள் இன்னும் முழுத் தொழிலாளி ஆகவில்லை என்று நிருவாகம் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. கற்பவருக்காக நிறுவனம் பொழுதையும் பொருளையும் செலவிடுகிறது. பெரும் சுமையைச் சுமத்தினால் பெண்களைப் பயிற்சிக்கே எடுக்கமாட்டார்கள் என்ற அச்சமும் வெறும் அச்சமன்று. அதற்கு விடையை அம்பேத்கர் 1928இலேயே சுட்டிவிட்டார்: சுமை முழுவதையும் முதலாளி தலையில் வைக்க வேண்டுவதில்லை, அரசும் தோள் கொடுக்கட்டும். பழகுநரின் உதவித்தொகையில் ஒரு பங்கை இந்திய அரசு ஏற்கும் திட்டம் 2016 முதல் உண்டு. கற்கும் காலத்துக்குத் தோள் கொடுப்பவர்கள், பேறுகாலத்துக்கும் கொடுப்பது இயலாத ஒன்றன்று.

கற்பவளாயினும் உழைப்பவளாயினும், கருவிலிருக்கும் பிள்ளை பத்து மாதம்தான் காத்திருக்கும். தாயின் ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஒரே நாளில் பிறந்த இரு சட்டங்களும் என்றேனும் ஒன்றையொன்று கண்டுகொள்ளுமானால், அந்த அடைப்புக்குறி ஒருநாள் நீங்கும்.